டாக்டரிடம் கொண்டு போகிற நோட்டு

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் ஒரு மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. வீட்டில் என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். 22 வயசில் வந்தது, இப்போது அவனுக்கு 41. வாழைத்தோட்டத்தில் இலை அறுத்துக் கட்டுப் போடுகிறான், கூலி வாங்கி அம்மாவிடம் கொடுக்கிறான், இப்போதும் தினம் மாத்திரை சாப்பிடுகிறான். இந்த 19 வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு மிக உதவிய பொருள் எது என்று கேட்டால், கோடு போட்ட 80 பக்க நோட்டைத்தான் காட்டுவேன். அதை எப்படி எழுதுவது, எப்படி டாக்டரிடம் கொண்டு போவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது மனசு சரியில்லாமல் இருந்தால், இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள்.

முதல் மூன்று வருஷம் நாங்கள் வெறும் கையோடுதான் போனோம். காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறி ஜங்ஷன், அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு வரிசை. உள்ளே போனதும் டாக்டர், "எப்படி இருக்கான்?" என்பார். அம்மா, "பரவால்ல சார், முன்னைக்கு இப்ப தேவல" என்பாள். தம்பி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பான். அதே மாத்திரையை எழுதிக் கொடுப்பார்கள், நாங்கள் திரும்பி வருவோம். டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே நூறு பேர் நிற்கிறார்கள். சர்க்கரை நோய் என்றால் ரத்தம் எடுத்தால் ஒரு எண் வந்துவிடும். மனநோய்க்கு அப்படி ஒரு எண் சொல்கிற ரத்தப் பரிசோதனை கிடையாது. வீட்டார் சொல்வதும், அந்த அறையில் நோயாளி பேசுவதும், நடந்துகொள்வதும்தான் டாக்டர் கையில் இருக்கிற ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட்டை "பரவால்ல" என்ற ஒரு வார்த்தையில் நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு தடவை பயிற்சிக்கு வந்திருந்த இளம் டாக்டரம்மா அம்மாவிடம் கேட்டாள்: "ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கான்? எத்தனை மணிக்கு எந்திக்கான்?" அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஊருக்கு வந்து இறங்கியதும் கடையில் நோட்டு வாங்கினேன்.

அடுத்த மாதம் அதைக் காட்டினோம். டாக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தார். பெரும்பாலான நாள் தம்பி ஏழு மணிக்கே தூங்கி ஒரு மணிக்கு எழுந்திருக்கிறான். "ராத்திரி மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுக்கிய?" என்று கேட்டார். அம்மாவுக்கு ராத்திரி உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டும், மறுநாள் பீடிக்கடையில் கட்டுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அதனால் ஆறரை மணிக்கே சோறும் மாத்திரையும் கொடுத்து அவனைப் படுக்க வைத்துவிடுவாள். ஒன்பது மணிக்குக் கொடுங்கள் என்றார் டாக்டர். அளவைக் கூட்டவில்லை, புதுசாக எதையும் எழுதவில்லை. அந்த வாரமே விடிகிற வரைக்கும் தூங்கினான். நோட்டு இல்லாமல் "ராத்திரி தூங்க மாட்டேங்கான் சார்" என்று மட்டும் சொல்லியிருந்தால், இன்னொரு மாத்திரை கூடியிருக்கும்.

எழுதுவது எப்படி

ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். படுத்த நேரம், எழுந்த நேரம். மூன்று வேளையும் சாப்பிட்டானா, எவ்வளவு. குளித்தானா, வேலைக்குப் போனானா. மாத்திரை சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தோமா. ஐந்தாவது வரி அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக நடந்ததற்கு. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்த வரியை வெறுமையாக விடுங்கள். வெறுமையாக இருப்பதும் டாக்டருக்கு ஒரு செய்திதான்.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான் உண்டு. நடந்ததை எழுத வேண்டும், நம் அபிப்பிராயத்தை எழுதக் கூடாது. "ரொம்ப மோசம்", "கோட்டி கூடிட்டு", "சேட்டை பண்ணுதான்" என்று எழுதினால் அதில் டாக்டர் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. "சந்தேகப்படுதான்" என்று நான் முதலில் எழுதினேன். அதை அடித்துவிட்டு, "என் தட்டையும் அவன் தட்டையும் மாற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டான்" என்று எழுதினேன். முதலாவது என் கோபம், இரண்டாவதுதான் நடந்தது.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம், அப்படியே:

"திங்கள். 9.30 படுத்தான், 5 எழுந்தான். மூணு வேளையும் சாப்பிட்டான். தோட்டத்துக்குப் போனான். மாத்திரை பார்த்தேன்.
செவ்வாய். 10 படுத்தான், 4 எழுந்தான். சாப்பாடு சரி. போனான். மாத்திரை பார்த்தேன்.
புதன். 10.30 படுத்தான், 2.45 எழுந்தான். ராத்திரி பாதிச் சோறு மிச்சம். போனான். மாத்திரை பார்த்தேன். சட்டையில் கழுத்துப் பொத்தானையும் போட்டிருந்தான்.
வியாழன். 11 படுத்தான், 1.30 எழுந்தான். செய்தி வாசிக்கும்போது டிவியை நிறுத்தினான். மாத்திரை அம்மா பார்த்தாள்."

அந்தக் கழுத்துப் பொத்தான் எனக்கு எழுதும்போது சாதாரணமாகத்தான் பட்டது. ஏதோ புதுசாக இருக்கிறதே என்று குறித்து வைத்தேன். அதற்குப் பதினோரு நாள் கழித்து, தெருவில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். பிற்பாடு பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். முந்திய தடவை நோய் கூடியபோதும் அதே வரிசைதான்: முதலில் தூக்கம் குறைந்தது, பிறகு சோறு மிஞ்சியது, பிறகு கழுத்துப் பொத்தான், கடைசியில் டிவி. இது அவனுடைய வரிசை. இன்னொருத்தருக்கு இது வராது. சிலர் கும்பிடுவது கூடிப்போகும், சிலர் பழைய பகையை நோண்டுவார்கள், சிலர் ராத்திரியில் பாத்திரம் விளக்குவார்கள், சிலர் போனை அணைத்து வைப்பார்கள். எந்தப் புத்தகத்திலும் உங்கள் வீட்டு வரிசை இருக்காது, உங்கள் நோட்டில்தான் கிடைக்கும். அது கிடைத்துவிட்டால் நோய் முழுசாகக் கூடுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே டாக்டரைப் பார்த்துவிடலாம். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு மூன்று தடவை அப்படிப் பார்த்துவிட்டோம். மூன்று தடவையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை வரவில்லை.

நம் பக்கத்துக்காரர்கள் தனியாகக் குறிக்க வேண்டிய ஒன்று, கோயில் கொடை. பங்குனி, சித்திரை, ஆடி என்று சுடலைக்கும் அம்மனுக்கும் கொடை வந்தால் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடை என்று இரண்டு மூன்று ராத்திரி ஊரே முழித்திருக்கும். தூக்கம் கெடுவது மனநோய் திரும்ப வருவதற்கான பெரிய வழி. இருமுனை நோய், அதாவது மனநிலை ஏறி இறங்குகிற நோய் உள்ளவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் ஆகும். தம்பியைக் கொடைக்கு அனுப்பாமல் இருக்க மாட்டோம், அவனும் ஊர்க்காரன்தான். பத்து மணிக்கு மேல் மைக் செட்டுச் சத்தம் கேட்காத தூரத்தில், பாப்பாக்குடியில் சித்தி வீட்டில் படுக்க வைப்போம். மாத்திரை நேரம் மாறாது. கொடை வரும் தேதியை நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதல் தடவை போகிறவர்களுக்கு

முதல் பக்கத்தில் பழைய கதையை எழுதிக்கொண்டு போங்கள். எந்த மாதம் ஆரம்பித்தது, அதற்கு முன் ஆள் எப்படி இருந்தார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, குடி, கஞ்சா, பீடி உண்டா, தைராய்டு, சர்க்கரை, பிரஷர் உண்டா. சாப்பிடுகிற எல்லா மருந்தையும் எழுதுங்கள், நாட்டு மருந்தையும் சேர்த்து. மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். உவரி, புளியம்பட்டி அந்தோணியார் கோயில்களுக்குப் போய் நேர்ச்சை வைத்தவர்கள்தான் நாங்களும். டாக்டர் அதற்காகத் திட்டவில்லை. "போய்ட்டு வாங்கம்மா, மாத்திரைய மட்டும் கூடவே கொண்டு போங்க" என்றார். கோயிலுக்குப் போவதால் கெடுதல் இல்லை. அங்கே போனதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் கெடுதல்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று உண்டு, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்தால் அலைச்சல் குறையும். எங்கே போவதென்றே தெரியாத ராத்திரியில் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபர் 10 அன்று ஆரம்பித்தது. காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மனநல டாக்டருக்கு முன்னாலேயே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய சமயமும் உண்டு. நேற்று வரை நன்றாக இருந்தவர் ஒரே நாளில் ஆளை அடையாளம் தெரியாமல், இடம் தெரியாமல், இல்லாததைப் பார்த்துப் பேசினால், அதுவும் வயசானவராக இருந்தால், உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்று முதலில் நினையுங்கள். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி திடீரென்று செத்துப்போன தாத்தாவிடம் பேச ஆரம்பித்தாள். பேய் என்று திருநீறு போட்டார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்த்தால் சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியமும் குறைந்திருந்தது. அதைச் சரிசெய்ததும் பேச்சு நின்றுவிட்டது. காய்ச்சலோடு வருகிற பிதற்றலும் அப்படித்தான். பிள்ளை பெற்ற இரண்டு மூன்று வாரத்துக்குள் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசினால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம்தான். அந்த நேரத்தில் தாயையும் பிள்ளையையும் தனியே விடக் கூடாது.

மாத்திரைப் பக்கம்

நோட்டின் பின்பக்கத்திலிருந்து மாத்திரைக் கணக்கு ஆரம்பியுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்தத் தேதியில் மாற்றினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் ஒரு கம்பெனி அட்டை வரும், அடுத்த மாதம் நிறம் மாறி இன்னொன்று வரும். நிறம் மாறினதும் "இது வேற மாத்திரை" என்று சாப்பிடாமல் வைத்துவிடுவார்கள். எங்கள் கடைக்கு அப்படிக் கொண்டு வந்து கேட்பவர்கள் நிறைய. அட்டையின் பின்னால் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள், கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள்.

எந்த மருந்து என்ன செய்கிறது என்பதை நாம்தான் கவனித்துக் குறிக்க வேண்டும். சிலருக்குக் கை நடுங்கும், நடை இறுகும், வாயில் எச்சில் ஒழுகும். அதற்குத்தான் ட்ரைஹெக்சிஃபெனிடில் மாதிரி ஒரு சின்ன மாத்திரையைக் கூடவே எழுதுகிறார்கள். சிலருக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாது, காலை மாற்றி மாற்றி வைத்து உலாத்திக்கொண்டே இருப்பார்கள். இது நோய் கூடினது மாதிரியே தெரியும், ஆனால் மருந்தால் வருகிற தவிப்பு. மருந்து ஆரம்பித்த அல்லது கூட்டிய தேதியும், உலாத்தல் தொடங்கிய தேதியும் நோட்டில் இருந்தால் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவார். தேதி இல்லையென்றால் நோய் என்று நினைத்து மருந்தை இன்னும் கூட்டிவிட வாய்ப்பு உண்டு. ஊசி போட்ட ஓரிரு நாளில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே சொருகிக்கொண்டாலோ பயப்பட வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் எந்த ஊசி போட்டது என்று சொன்னால், மாற்று ஊசியில் சீக்கிரம் சரியாகிவிடும்.

பெண்களுக்கு, மனச்சிதைவுக்குத் தருகிற ரிஸ்பெரிடோன் போன்ற மருந்தில் மாதவிலக்கு தள்ளிப்போகலாம், மாரில் பால் சுரக்கலாம். வாயால் சொல்ல மாட்டார்கள், கேட்கிற டாக்டர் ஆம்பளையாக இருந்தால் சொல்லவே மாட்டார்கள். நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டால் அதைக் காட்டினால் போதும். இருமுனை நோய்க்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிற பெண் கல்யாணம் ஆகப் போகிறவளாகவோ, பிள்ளைக்கு ஆசைப்படுகிறவளாகவோ இருந்தால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கிற மருந்து அது. மனச்சிதைவுக்கு ஒலான்சபின் சாப்பிடுகிறவர்களுக்குப் பசி கூடும், எடை ஏறும், சர்க்கரை வரலாம். எடையை மாதம் ஒரு தடவை எங்கள் கடை மிஷினில் பார்த்து எழுதுகிறேன். சர்க்கரையும் கொழுப்பும் ஆரம்பத்தில், மூன்று மாதத்தில், பிறகு வருஷம் ஒரு தடவையாவது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதே நோய்க்கான குளோசபின் என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுத்து வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று பார்ப்பார்கள், ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது. மலச்சிக்கலையும் அந்த மருந்தில் அலட்சியப்படுத்தாதீர்கள்.

இருமுனை நோய்க்குக் கொடுக்கிற லித்தியத்தைப் பற்றி நம் ஊர் வெயிலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் வயலில் நின்று வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வயிற்றுப்போக்கிலும் அப்படித்தான். உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மேலுக்கு வலிக்கிறது என்று எங்கள் கடையில் வந்து டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் கேட்பார்கள், அதுவும் லித்தியத்தை ஏற்றும். லித்தியம் சாப்பிடுகிறேன் என்று மெடிக்கலில் சொல்லுங்கள். கை நடுக்கம் கூடி, வாந்தி வந்து, நடை தள்ளாடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் 12 மணி நேரம் இடைவெளி இருக்க வேண்டும், மாத்திரை சாப்பிட்ட நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள்.

பீடிக் கணக்கையும் எழுதுங்கள். இதை எனக்கு ஒரு டாக்டர் சொன்னபோது, பீடி சுற்றிப் பிழைக்கிற ஊர்க்காரி நான், இத்தனை வருஷம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று மனசு கஷ்டப்பட்டது. பீடிப் புகை ஈரலை வேகமாக வேலை செய்ய வைத்து, ஒலான்சபினையும் குளோசபினையும் சீக்கிரம் கரைத்து வெளியே தள்ளிவிடும். தினம் இரண்டு கட்டு பீடி குடிக்கிறவருக்கு அந்த மாத்திரை பாதிதான் வேலை செய்கிற மாதிரி ஆகிவிடலாம். திடீரென்று பீடியை விட்டால் அதே அளவு மாத்திரை கூடுதலாகிவிடும். தம்பி ஒரு தடவை 12 நாள் வார்டில் இருந்தபோது பீடி கிடையாது, துவண்டு துவண்டு விழுந்தான். வீட்டுக்கு வந்து பழையபடி குடித்ததும் தூக்கம் போனது. பீடியை விடச் சொல்லுங்கள், விடுவது நல்லதுதான். விடப் போகிற தேதியை டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்.

நான் செய்த தப்பையும் இங்கே எழுதியாக வேண்டும். 2009-ல் தம்பி மாத்திரை வேண்டாம் என்று அடம் பிடித்தான். நான் பொடித்து ரசத்தில் கலந்து கொடுத்தேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் அடுப்படியில் நான் பொடிப்பதைப் பார்த்துவிட்டான். ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாலு மாதம் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை, டீக்கடையில் வாங்கிச் சாப்பிட்டான். சோற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்பதுதான் அவனுடைய நோயின் பயம். அந்தப் பயத்தை நான் உண்மையாக்கிவிட்டேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். மாத்திரை வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று கேட்டு அதை அவர் சொல்கிறபடியே நோட்டில் எழுதுங்கள். தம்பி சொன்னது: "காலைல எந்திச்சா நாக்கு தடிச்சுக் கெடக்குக்கா." அதை வாசித்த டாக்டர் மருந்தை மாற்றினார். தினம் மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை போடுகிற ஊசி மருந்தும் இருக்கிறது, கேளுங்கள்.

"மேலெல்லாம் எரியுது"

பீடி சுற்றுகிற பெண்கள் எங்கள் கடையில் மனசு சரியில்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். மேல் எரிகிறது, தலைக்குள் பூச்சி ஊருகிறது, நெஞ்சு படபடக்கிறது என்பார்கள். குனிந்து சுளகை மடியில் வைத்து நாள் முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கு வலி வருவது உண்மைதான். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். அதெல்லாம் சரியாக இருந்தும் சோர்வு போகவில்லை என்றால் நோட்டை எடுங்கள். இரண்டு வாரத்துக்கு எழுதுங்கள்: எதிலும் பிடிப்பு இருந்ததா, மனசு கனத்ததா, தூக்கம், பசி, அலுப்பு, தன்னைத்தானே பழித்துக்கொண்டாளா, மனசு ஒரு இடத்தில் நின்றதா, பேச்சும் நடையும் மெதுவானதா, செத்துவிடலாம் என்று தோன்றியதா. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் கேட்கிற கேள்விகள் இவைதான், அவர்கள் கேட்பதும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைக் காட்டலாம்.

மனச்சோர்வு மாத்திரை உடனே வேலை செய்யாது. இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் மட்டும் தெரியும், அத்தோடு நிறுத்திவிட்டு "எனக்கு ஒத்துக்கல" என்பவர்கள்தான் அதிகம். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். தூக்க மாத்திரை இதற்கு மருந்து இல்லை. பழைய சீட்டைக் கொண்டு வந்து "அந்த வெள்ள மாத்திரை பத்து குடுங்க" என்று அல்ப்ரசோலம் கேட்கும்போது நான் மறுத்தால் கோபப்படுகிறார்கள். அந்த மருந்து ஹெச் ஒன் பட்டியலில் இருக்கிறது, சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்ததைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். பழகிப்போனால் விடுவது கஷ்டம், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

செத்துவிடலாம் என்று தோன்றியதா என்கிற கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் நாமே எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, கேட்டால் ஆளுக்குப் பாரம் இறங்கும். "உண்டு" என்று பதில் வந்தால் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வீட்டில் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து இருந்தால் வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். மாத்திரையிலும் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வெளியே வையுங்கள். அந்தக் கொடிய நேரம் பல பேருக்குக் கொஞ்ச நேரத்தில் கடந்துவிடுகிறது, கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் தப்பித்துவிடுகிறார். ஏதாவது நடந்துவிட்டால் போலீசுக்குப் பயந்து மறைக்காதீர்கள். 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயற்சி செய்தவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டார் என்று உண்மையைச் சொல்லுங்கள், அந்த ஒரு பதிலில்தான் உயிர் இருக்கிறது.

நோட்டு யாருடையது

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள், சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. தம்பிக்கு நோய் வந்தபோது எங்கள் சொந்தத்திலேயே ஒருவர், "கட்டிப் போட்டாத்தான் அடங்குவான்" என்றார். அம்மா அந்தச் செய்தியை மறக்கவில்லை, அவரை வீட்டுப் படி ஏற விடவில்லை. இப்போது சட்டமும் சங்கிலியைத் தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடப்பில் இருக்கிறது. நோய் கூடினால் தனக்காக யார் பேச வேண்டும் என்று நோயாளியே ஒருவரை எழுதிக் கொடுக்கலாம், எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்றும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டு வாங்குகிற உரிமையும் அவருக்கு உண்டு. தம்பி நன்றாக இருந்த ஒரு மாதத்தில் நோட்டின் நடுப்பக்கத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

நோட்டையும் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் நான் ஒளித்து எழுதினேன். ரசம் விஷயத்துக்குப் பிறகு டிவி ஸ்டாண்டில் திறந்து வைத்துவிட்டேன். "நான் எழுதுனது தப்புன்னா நீயே திருத்து" என்றேன். முதலில் தொடவில்லை. ஒரு நாள் "மாத்திரை சாப்பிடவில்லை" என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, "சாப்பிட்டேன், நீ கடையில் இருந்தாய்" என்று எழுதியிருந்தான். பிறகு, வேறு யாருக்கும் கேட்காமல் தனக்கு மட்டும் கேட்கிற சத்தத்தையும் அவனே எழுத ஆரம்பித்தான்: "இன்று இரண்டு தடவை கேட்டது. இலை அறுக்கும்போது கேட்கவில்லை." பதினைந்து வருஷம் யாரும் அவனிடமிருந்து வாங்க முடியாத தகவல் அது. டாக்டர் அறையில் இப்போது அவன்தான் முதலில் பேசுகிறான். நான் சொல்வதற்கு ஏதாவது இருந்தால் அவன் முன்னாலேயே, "தம்பி, இத சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

போன மாதம் டாக்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார். தம்பி கையெழுத்து. "யக்கா ஒரு மணிக்கு எந்திச்சு ஒக்காந்திருக்கா. நாலு நாளா இப்பிடி. கேட்டா ஒண்ணும் இல்லங்கா." டாக்டர் தம்பியின் சீட்டை எழுதி முடித்துவிட்டு, இன்னொரு சீட்டை எடுத்து, என் பெயரையும் வயசையும் கேட்டார்.